ஓடாத காரும் ஊர் சேரும்



சென்ற சில மாதங்களில் எங்களுக்கு வந்த கடிதங்களில் மூன்று, ஒரே காரியத்தைக் கேட்டன. ஒருவர் வீட்டில் தகப்பனார் வைத்திருந்த அம்பாசடர் நிற்கிறது. இன்னொருவரின் தோட்டத்தில் ஒரு பழைய ஜீப்பு. மூன்றாமவரிடம் ஒரு பிரீமியர் பத்மினி. மூன்றும் ஓடாதவை. மூன்றையும் தூரத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். "போடிமெட்டுக்கு மேலேயிருந்து ஒரு காரை நீங்கள் கோயம்புத்தூர் சேர்த்தீர்களாமே, அதிகச் செலவில்லாமல் எப்படிச் செய்தீர்கள்?" என்பதே கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதிவிடுவது எல்லோருக்கும் பிரயோஜனமாக இருக்கும் என்று நினைத்தோம். எங்களிடம் நேர்ந்த தவறையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

நடந்தது இதுதான்

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை பக்கத்தில், ஏலத்தோட்டங்களில் பல வருஷம் வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய கார் 1968ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடர். பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரையும், பாம்பு கடித்தவர்களையும் பின் சீட்டில் கிடத்திப் போடிக்கு இறக்கிய வண்டி அது. அவர் கண்பார்வை குறைந்தபின் ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்திலிருந்த கொட்டகையில் நிறுத்தினார்கள். பதினெட்டு வருஷம் அங்கேயே நின்றது.

தோட்டம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். பழைய இரும்பு வியாபாரி வந்து பார்த்து எடைக்கு விலை சொன்னார். முழுசாக இறக்குவது கஷ்டம், அங்கேயே காஸ் வைத்து வெட்டித் துண்டு துண்டாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மருத்துவரின் மனைவி, எண்பது வயதைத் தாண்டியவர், எங்களிடம் சொல்லி அனுப்பினார். நேரில் போனபோது கேட்டார்: "ஐயா, இதை வெட்டுறத நான் நின்னு பாக்கணுமா? கோயம்புத்தூர்ல பேரன் இருக்கான். எப்படியாச்சும் கொண்டு வந்து கொடுங்க, நான் சரி பண்ணிக்கிறேன் பாட்டின்னு சொல்றான்."

கார் ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனத்தை விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகை, இரும்பு வியாபாரி கொடுப்பதாகச் சொன்னதைப்போல் இரண்டரை மடங்கு. அந்த அம்மாளால் அது முடியாது. சகாய நிதியிலிருந்து எடுக்க எங்களுக்கும் உரிமையில்லை. அது நோயாளிகளுக்கென்று நீங்கள் கொடுத்த பணம். ஆகவே மலிவான வழி ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தோம்.

எங்கள் தவறு

முதலில் செய்ததே தவறு. வண்டியைப் பரிசோதிக்காமல் போடியிலிருந்து ஒரு லாரியை வாடகைக்குப் பேசி மேலே கூட்டிப்போனோம். கொட்டகையைத் திறந்து பத்துப் பேர் தள்ளினார்கள். வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. டயர் நாலும் தரையோடு ஒட்டியிருந்தன. லாரியில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். இழுத்தபோது பம்பர் வளைந்ததே தவிர வண்டி வரவில்லை. மாலையாகிவிட்டது. லாரி வெறுமனே இறங்கியது. போகவர வாடகையும் காத்திருந்த கூலியும் எங்கள் கையைவிட்டுப் போயின.

மறுநாள் போடியில் ஜீப்பு வேலை பார்த்து வயதான மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, உருளுற வண்டிக்கு ஒரு கூலி, உருளாத வண்டிக்கு ரெண்டு கூலி. நீங்க லாரியைத் தேடினீங்க. முதல்ல சக்கரத்தைத் தேடியிருக்கணும்" என்றார். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது.

ஓடுவது வேறு, உருளுவது வேறு

எஞ்சின் ஓடாத வண்டி என்றதும் எஞ்சினைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். ஏற்றிச் செல்வதற்கு எஞ்சின் தேவையே இல்லை. வண்டி உருள வேண்டும், ஸ்டீயரிங் திரும்ப வேண்டும், பிரேக் ஓரளவாவது பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நாலு பேர் போதும். இல்லாவிட்டால் கிரேன் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அம்பாசடரின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. காற்று நிறைந்த டயரில், சமமான தரையில், அதை உருட்ட எடையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு பலம் போதும். அதாவது 15, 20 கிலோ. ஒருவர் தோள் கொடுத்தாலே நகரும். சக்கரங்கள் பிடித்துக்கொண்டால் உருளாது, தேய்த்துக்கொண்டுதான் வரும். நாலு சக்கரமும் பிடித்திருந்தால் எடையில் பாதிக்கு மேல், 600, 700 கிலோ பலம் வேண்டியிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்திருந்தாலே 150 கிலோவுக்கு மேல். அப்படி இழுத்தால் ஆக்சிலும் பம்பரும் சேதமாகும்.

நெடுநாள் நின்ற வண்டியில் சக்கரம் பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் பிரேக்கே காரணம். டிரம்முக்குள் லைனிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். ஏலமலையின் ஈரத்தில் இது சீக்கிரம் நடக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் நிச்சயம் நடக்கும். ஜாக்கியில் தூக்கி, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் நிதானமாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். தேய்ப்பு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து மறுபடி தட்டலாம். லாரியைக் கட்டி இழுத்து விடுவிக்கக் கூடாது.

டயர் போயிருந்தால் புது டயர் வாங்க வேண்டாம். இரவல் சக்கரம் கேளுங்கள். அம்பாசடருக்கு 15 அங்குலம், பத்மினிக்கு 14 அங்குலம், பழைய ஜீப்புக்கு 16 அங்குலம். மெக்கானிக் கடைகளின் பின்புறத்தில் காற்று நிற்கக்கூடிய பழைய சக்கரங்கள் கிடக்கும். முன்பணம் கட்டி வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு சனிக்கிழமை வேலையில் அம்பாசடர் உருண்டது. அந்த மெக்கானிக் கூலியாகக் கேட்டது, எங்கள் வீண்போன லாரி வாடகையில் பாதிகூட இல்லை.

அந்த இரண்டு நாட்களில் வேறு சில வேலைகளையும் முடித்துவிட வேண்டும். பாட்டரி இருந்தால் கழற்றிவிடவும். டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடவும். நாற்றமெடுத்த பெட்ரோலும் தீப்பிடிக்கும். சீட்டுக்கு அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் பாம்பு, எலி, குளவிக்கூடு இருக்கிறதா என்று கம்பை விட்டுப் பார்க்கவும். கழன்று விழக்கூடிய வீல் கப், கண்ணாடி, சின்னம் ஆகியவற்றைக் கழற்றிச் சாக்கில் கட்டி, உள்ளே போடாமல் கையோடு கொண்டுபோகவும். நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளவும்.

கயிறு கட்டி மலை இறக்க வேண்டாம்

மலிவு என்றால் கயிறு கட்டி இன்னொரு வண்டியால் இழுத்துப் போவதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்திலுள்ள ஒர்க்ஷாப்புக்கு, சமமான சாலையில், அது சரி. சட்டமும் அந்த அளவுக்குத்தான் இடம் கொடுக்கிறது. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான் வேகம். பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி, இது இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று பலகை மாட்ட வேண்டும்.

போடிமெட்டுச் சாலையை அறிந்தவர்கள் இதைக் கேட்டதும் தலையை ஆட்டுவார்கள். மெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். போடியை அடைவதற்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். இறக்கத்தில் கயிறு தளர்ந்துவிடும். பின்னாலிருக்கும் வண்டியை நிறுத்த அதன் சொந்த பிரேக் மட்டுமே உண்டு. எஞ்சின் ஓடாததால் கியரில் தாங்கவும் வழியில்லை. பதினெட்டு வருஷம் நின்ற வண்டியின் பிரேக்கை நம்பி ஒரு மனிதனை அதில் உட்கார வைப்பது பாவம்.

வண்டிக்கும் அது கேடு. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாம் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். எஞ்சின் நின்றிருக்கும்போது வெகுதூரம் உருண்டால், கியர் பெட்டிக்குள் எண்ணெய் வாரியிறைக்கப்படாமல் உள்ளே காய்ந்து தேயும். தவிர்க்க முடியாமல் இழுக்க நேர்ந்தால் பின்பக்க நட்டுகளைக் கழற்றி புரொப்பெல்லர் ஷாஃப்டை இறக்கிவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் கிரேன் வண்டியானால் ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திக் கட்ட வேண்டும்.

லாரியும் திரும்பும் பாதையும்

இனி ஏற்றிச் செல்லும் வழிகளைப் பார்ப்போம். நடைமுறையில் மூன்று உண்டு.

முதலாவது, சாய்தளமும் வின்ச்சும் உள்ள ரெக்கவரி வண்டி. உருளாத காரையும் இழுத்து ஏற்றிக்கொள்ளும். பாதுகாப்பானது. ஆனால் அது போகும்போது காரோடு போய், வரும்போது வெறுமனே வரும். இரண்டு வழிக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குள் என்றால் இதுவே நல்லது. முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கட்டாது.

இரண்டாவது, பல கார்களைச் சேர்த்து ஏற்றும் கேரியர் டிரெய்லர். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற பெரிய நகரங்களுக்கு நடுவே, தூரம் கூடக்கூட இது மலிவு. செலவு எல்லாக் காருக்கும் பங்காகிறது. ஆனால் அது கொண்டை ஊசி வளைவு ஏறாது. நீங்களே காரை நகரத்திலுள்ள அவர்கள் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓடாத காருக்குத் தனிக் கட்டணமும் கேட்பார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கேயும் சொந்தமாக ஏறாத காருக்குக் கேரியர்காரர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள். "ஓடாது, ஆனால் உருளும், திரும்பும், பிரேக் பிடிக்கும்" என்று தெளிவாகச் சொன்னால் அந்தக் கூடுதல் குறையும்.

மூன்றாவது, ரிட்டர்ன் லோடு லாரி. எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். அரிசியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு தினந்தோறும் வண்டிகள் மலையேறுகின்றன. இறங்கும்போது பலவும் காலியாக இறங்குகின்றன. எப்படியும் இறங்கப்போகிற வண்டிக்கு நம் கார் கூடுதல் வருமானம். டீசலுக்குக் கிடைத்தால்கூட அந்த டிரைவர் சம்மதிப்பார். இந்த வழிக்குப் பொறுமை வேண்டும். இன்ன தேதி என்று நாம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. லாரிக்குத் தோதான நாளை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். லாரி புக்கிங் ஆபீசில் நாலைந்து நாள் முன்பே சொல்லி வைத்தால் போதும்.

லாரியின் நீளத்தைக் கேட்க மறக்க வேண்டாம். அம்பாசடர் 4.3 மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 14 அடியைத் தாண்டிவிடும். 14 அடி பாடியில் பின்கதவு மூடாது. 17 அடி வேண்டும். பத்மினியும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் 13 அடிக்குள் அடங்கும். அவற்றுக்கு 14 அடி போதும். பழைய ஜீப்பு 11 அடிதான். அளவு தெரியாமல் பெரிய லாரியைப் பேசினால் வீண் செலவு. சின்ன லாரியைப் பேசினால் வீண் நடை.

ரயிலில் போடலாமா?

இதையும் பலர் கேட்கிறார்கள். 1928இல் திறந்த மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு முடிவில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி ரயில் வருகிறது. அது பயணிகள் ரயில். மோட்டார் சைக்கிளைப் பார்சலாக அனுப்புவது ரயில்வேயில் வழக்கமானது. காருக்கு அந்தப் பெட்டியின் கதவும் போதாது, இடமும் போதாது. புதுக் கார்களைக் கம்பெனிகள் ரயிலில் அனுப்புவது உண்மைதான். வாலாஜாபாத்திலிருந்து வடநாட்டுக்கு அப்படிப் போகின்றன. அது முழு ரயிலாகப் பேசப்படும் வியாபாரம். ஒரு குடும்பத்தின் ஒரு காருக்கு அது வழியல்ல.

மலையோர் முன்பே அறிந்த பாடம்

தூரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தகுந்த வாகனத்தை வைப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் எப்படி இறங்கியது தெரியுமா? குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் வண்டிப்பாதையும், 1908இல் சிறு ரயிலும் அமைத்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி செங்குத்தான சரிவில் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. பின்பு ரயில், துறைமுகம், கப்பல். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. செங்குத்தான இடத்துக்கு ஒரு வழி, சமவெளிக்கு வேறு வழி என்ற யோசனை இன்றும் சரியாகவே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வண்டி மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் உண்டு. காருக்கு ஆபத்தும் அந்த இடத்தில்தான் அதிகம். ஆகவே ஒரு மாற்றத்துக்கு மேல் வேண்டாம். மாற்றுகிற இடத்தில் மேடோ சாய்தளமோ இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றும்போதுதான் கால் போகிறது

எங்கள் வார்டில் சந்தித்த ஓர் இளைஞரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லாரியில் ஒரு பழைய ஜீப்பை ஏற்றியபோது இரண்டு பலகையைச் சாய்த்து, பின்னால் ஒரு கல்லைச் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கல் நழுவியது. ஜீப்பு பின்வாங்கியது. வலது பாதத்தில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் தோட்டத்துக்கு நடந்து போய் வேலை பார்ப்பவர். இரவில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, "ஒரு கட்டைக்காக ஐயா, ஒரு கட்டை இல்லாம" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் உண்டு என்பதை அவரிடமிருந்து கற்றோம்.

லாரியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரம். 16 அடிப் பலகையைச் சாய்த்தால் ஏற்றம் நாலுக்கு ஒன்று. அப்போது 1,100 கிலோ காரை மேலே இழுக்க எடையில் கால்பங்கு, 275 கிலோ பலம் வேண்டும். கை விட்டால் அதே பலத்தோடு பின்னால் வரும். இது கையால் தள்ளும் வேலையல்ல. செயின் பிளாக்கோ வின்ச்சோ வேண்டும்.

அதைவிட நல்ல வழி, லாரியை ஒரு மண்மேட்டுக்குப் பின்புறமாக ஒட்டி நிறுத்துவது. தளமும் மேடும் ஒரே மட்டமாக இருந்தால் கார் சமதரையில் போவதுபோல் உருண்டு உள்ளே போகும். தோட்டங்களில் மூட்டை ஏற்றும் மேடை பெரும்பாலும் இருக்கும். மலைச்சாலையில் ஒரு பக்கம் உயர்ந்த கரையும் கிடைக்கும். நாங்கள் ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னாலிருந்த மேட்டில்தான் ஏற்றினோம். நாலு பேர், கால்மணி நேரம்.

மேட்டில் ஏற்றினாலும் சில விதிகளை விடக்கூடாது. காருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் இருவர், ஆளுக்கொரு மரமுட்டுக்கட்டை. வண்டி ஒவ்வொரு அடி நகர்ந்ததும் கட்டையும் நகர வேண்டும். கல் கூடாது. ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். ஏற்றியபின் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரிலும் போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து ஆணியடிக்க வேண்டும். பம்பரில் கயிறு கட்டக் கூடாது. சக்கரத்திலோ ஆக்சிலிலோ ராட்செட் பெல்ட்டால் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். முதல் இருபது கிலோமீட்டரில் எல்லாம் ஒருமுறை தளரும். முந்தலில் நிறுத்தி மறுபடி இறுக்கினோம். ஒரு பெல்ட் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மழையில் பாறை சரிந்து இந்தச் சாலை அடைபடுவது உண்டு. காரை ஏற்றிய லாரி வழியில் நின்றால் காத்திருப்புக் கூலி நாளுக்கு நாள் ஏறும்.

கூலியும் காகிதமும்

லாரி பேசும்போது ஒரே தொகையாகப் பேசி, அதில் எவை அடக்கம் என்று எழுதி வாங்கவும்: ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், காத்திருப்பு. கேரளப் பக்கத்தில் ஏற்றுவதானால் அந்த ஊர்ச் சுமைதூக்கும் தொழிலாளரை முன்கூட்டியே கண்டு பேசிவிடுவது நல்லது. வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆனால் வேலை செய்பவருக்கு நியாயமான கூலி கொடுப்பதில் நாம் கணக்குப் பார்க்கக் கூடாது. எங்களுக்கு உதவிய நாலு பேரும் அந்தக் காரை அறிந்தவர்கள். அதில் ஒருவர் தம் தாயார் அந்தப் பின் சீட்டில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னார்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொருளின் மதிப்பை முன்கூட்டி அறிவிக்காவிட்டால், சேதத்துக்கு லாரி நிறுவனத்தின் பொறுப்பு ஒரு வரம்புக்குள்தான். ஆகவே மதிப்பை எழுதிக் கொடுத்து, முடிந்தால் வழிக் காப்பீடும் எடுத்துக்கொள்ளவும். ஆர்.சி. புத்தகத்தின் நகலும், இது விற்பனைச் சரக்கல்ல, குடும்பத்தின் சொந்தக் கார் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதமும் டிரைவரிடம் இருக்கட்டும்.

கார் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நிரந்தரமாகப் போகிறதானால், பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புதிய மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு எண் மாற்ற வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையும் சேரும். காரை ஏற்றுவதற்கு முன்பே இதைத் தொடங்குவது உத்தமம். பிறகு இதற்காகவே மலையேற வேண்டியிருக்கும்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகள் வெளியிட்டது. அப்படிப்பட்ட வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அது ஆகாது. அதற்கு ஒரு முக்கிய நிபந்தனை, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்பது. ஆகவே "பாடியைத் தனியாக வெட்டி எடுத்தால் சின்ன வண்டியில் போய்விடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். நட்டு கழற்றியதை மாட்டலாம். வெட்டியதை ஒட்டினால் அது பழைய கார் ஆகாது. அம்பாசடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இனி அந்தப் பாடி புதிதாக வராது.

ஊர் சேர்ந்தது

எங்கள் அம்பாசடர், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வந்து காலியாகத் திரும்பிய ஒரு 17 அடி லாரியில் மலையிறங்கியது. கொட்டகையைக் காலி செய்ய மூன்று நாள் மீதியிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் சரக்கு மேடையில் இறக்கி, கோயம்புத்தூர் திரும்பும் இன்னொரு வண்டியில் ஏற்றினோம். மெக்கானிக் கூலி, இரவல் சக்கரம், இரண்டு லாரி, ஆட்கூலி எல்லாம் சேர்த்தும், இரும்பு வியாபாரி சொன்ன தொகைக்குள் அடங்கியது. நாங்கள் முதலில் வீணாக்கிய லாரி வாடகையைச் சேர்த்தால் அடங்காது. அதை எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். அது எங்கள் பாடத்துக்குக் கட்டிய கட்டணம்.

லாரி புறப்படுமுன் அந்த அம்மாள் சாவியை எங்களிடம் கொடுத்து, "கார்லயே வச்சு அனுப்பாதீங்க ஐயா, அவன் கையில கொடுங்க" என்றார். கொடுத்தோம். பேரன் எஞ்சினை இன்னும் கிளப்பவில்லை. பணம் சேரச்சேரச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவசரமில்லை. கார் கூரையின் கீழ் பத்திரமாக நிற்கிறது.

கடிதம் எழுதிய மூவருக்கும், இனி எழுத நினைத்திருப்பவர்களுக்கும் எங்கள் பதில் இதுதான். லாரிக்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வண்டியை உருள வைத்து, நீளத்தை அளந்து, மேடு தேடி, காலியாகத் திரும்பும் லாரிக்குக் காத்திருங்கள். முட்டுக்கட்டையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் வண்டியும், அதைத் தள்ளுகிற கைகால்களும் சுகமாக ஊர் சேர வாழ்த்துகிறோம்.